இருமலும் இறையாண்மையும்

பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் பல் பார்ப்பதில்லை. அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு அவருடைய மூன்றாம் மாடி கிளினிக்கில் கேட்போர் வட்டம் கூடும். வட்டம் என்று பெயரே தவிர மொத்தம் நாலு பேர்தான். நாலு பேருமே நிர்வாகிகள். டாக்டர் தலைவர். அவருடைய மச்சான் துணைத்தலைவர். பாட்டு ஆரம்பித்த அரை நிமிஷத்தில் மச்சான் கண்ணை மூடிக்கொள்வார், முடிந்தபிறகு யாராவது தோளைத் தட்டினால் திறப்பார். இதற்கு வட்டத்தில் 'ஆழ்ந்து கேட்டல்' என்று பெயர். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் செயலாளரும் பதிப்பாளரும். நாலாமவர் புரொபசர். கல்லூரியில் அவர் நடத்துவது மண்ணியல். இங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர யாரும் இல்லாததால் கருத்து வேறுபாடும் இல்லை.

இவர்கள் கூடுவது ஒரே ஒருவருக்காக. கிட்டாரையும் மௌத் ஆர்கனையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்து, நாட்டுப்பாட்டையும் ராக்கையும் ஒரே அடுப்பில் ஏற்றி, முந்நூறு பாட்டு எழுதி, அத்தனையையும் மூக்கால் பாடிவிட்டு, முப்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் போதும் என்று நிறுத்திவிட்டவர். வட்டத்தில் அவர் பெயரைச் சொல்வதில்லை. 'அவர்' என்பார்கள். வேறு யாரையாவது அவர் என்று குறிப்பிட நேர்ந்தால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக மற்ற எல்லோரையும் 'அந்தாள்' என்பார்கள். டாக்டர் தன் சொந்த அப்பாவையே ஒருமுறை அந்தாள் என்று சொல்லி வீட்டில் ஒரு வாரம் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை.

வட்டத்தின் சொத்து பதினேழு ஒலிநாடாக்கள். அவற்றில் ஒன்பதாவதுதான் உயிர்நாடி. எங்கோ ஒரு சின்ன அரங்கில் அவர் பாடிய 'திருப்பிக் கொடுத்த கோட்டு' அதில் இருக்கிறது. ஒன்பது நிமிஷப் பாட்டு. ஒருத்தன் இரவல் வாங்கிய கோட்டைத் திருப்பிக் கொடுக்கிறான், அவ்வளவுதான் கதை. அதில் நாலாவது நிமிஷம் பதினோராவது நொடியில், இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் நடுவே, ஓர் இருமல் கேட்கும். உடனே 'தங்' என்று ஒரு மணியோசை.

அந்த இருமலைப் பற்றி புரொபசர் அறுபத்து நாலு பக்கம் எழுதியிருக்கிறார். புத்தகத்தின் பெயர் 'இருமலும் இறையாண்மையும்'. அதிகாரத்தின் முகத்தில் கலைஞன் காறி உமிழாமல் இருமுகிறான், ஏனென்றால் உமிழ்தல் எதிர்ப்பு, இருமலோ விலகல் என்பது முதல் அத்தியாயம். நாலாம் அத்தியாயம் முழுவதும் அந்த மணிக்கு. ஜெராக்ஸ்காரர் நாற்பது பிரதி போட்டார். ஒன்பது போனது. மிச்சம் முப்பத்தொன்று அவர் கடையில் பேப்பர் வெட்டும் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கப்புறம் மெஷின் ஆடவில்லை.

வட்டத்துக்கு ஒரு பார்வையாளரும் உண்டு. லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் அவர் பொறுப்பில் இருக்கிறது. பதினோரு வருஷமாகப் பார்வையாளராகவே இருக்கிறார். பார்வையாளருக்கு சோபாவில் இடம் கிடையாது. அதனால் அவர் பல் பிடுங்குகிற நாற்காலியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் அணைந்த விளக்கைப் பார்த்தபடி பாட்டுக் கேட்பார். பார்வையாளர் பேசவும் கூடாது. ஏதாவது அவசரம் என்றால் ஒரு விரலை உயர்த்தலாம். பதினோரு வருஷத்தில் அவர் விரலை உயர்த்தியபோதெல்லாம் டாக்டர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்: "பாத்ரூமா?"

மெக்கானிக்குக்கு பாத்ரூம் போக வேண்டியிருக்கவில்லை. அவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டில் வருகிறவன் உலகத்தைத் துறந்ததன் அடையாளமாகக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான் என்று புரொபசர் வாராவாரம் விளக்குவார். மெக்கானிக்குக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கோட்டு அவனுக்குச் சின்னதாக இருந்தது, அதனால் திருப்பிக் கொடுத்துவிட்டான், அதைப் பாடும்போது அவர் லேசாகச் சிரிக்கிறார் என்று தோன்றியது. லிஃப்டின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அவருடையது. அந்தச் சிரிப்பு அவருக்குச் சந்தேகமில்லாமல் கேட்டது. ஆனால் முழு உறுப்பினரானால்தான் வாயைத் திறக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். 'காது இன்னும் பக்குவப்பட வேண்டும்' என்று ஒவ்வொரு வருஷமும் பதில் வந்தது.

இந்த வருஷம் நிலைமை தேறியிருந்தது. போன மாதம் லிஃப்ட் நின்று புரொபசர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் தொங்கினார். மெக்கானிக் வந்து இறக்கிவிட்டார். அன்று தரையைத் தொட்டதும் புரொபசர், "உங்க விஷயத்தைப் பாசிட்டிவா பரிசீலிக்கிறோம்" என்றார். இந்த ஞாயிறு ஒன்பதாவது நாடாவைக் கேட்டு முடித்ததும் ஓட்டெடுப்பு.

கெட்ட நேரம், அன்றைக்குத்தான் மெக்கானிக்கின் மனைவி வந்து சேர்ந்தாள். அவள் தம்பி வீடு மாறுகிறான், ஐந்து மணிக்குப் போய் அலமாரி இறக்க வேண்டும். ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்பவள். நின்று நின்று முட்டி தேய்ந்து, மூன்று மாடியும் படியேறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட்காரன் பெண்டாட்டி ஏன் படியேற வேண்டும் என்றால், அந்த லிஃப்ட் எப்போது நிற்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். காத்திருக்கும் கூடத்தில், பல் விளக்கும் முறையைப் படம்போட்டு மாட்டியிருந்த சுவருக்குக் கீழே உட்கார்ந்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது நிமிஷம் பதினோராவது நொடி வந்தது. இருமல் கேட்டது, கூடவே தங்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? காலையில சிரப் குடிச்சீங்களா இல்லையா?"

டாக்டர் பாய்ந்து நாடாவை நிறுத்தினார். ஒன்பதாவது நாடா நடுவில் நிறுத்தப்படுவது அதுதான் முதல்முறை. மச்சான் யாரும் தட்டாமலே விழித்துக்கொண்டார்.

கதவைத் திறந்த புரொபசர், கல்லூரியில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"இவரோட வீட்டுக்காரி. அலமாரி தூக்கணும், அதான் கூட்டிட்டுப் போக வந்தேன். நீங்க பாட்டைப் போடுங்க, நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். அவர் இருமினாரேன்னு கேட்டேன்."

"அவர்தான் இருமினார்," என்றார் டாக்டர். "ஆனா நீங்க சொல்ற அந்தாள் இல்ல."

"எந்தாள்?"

"உங்க வீட்டுக்காரர். அந்தாள் வாயே திறக்கலை. டேப்புல இருக்கிற இருமல் அது."

"டேப்புலயா? அப்ப டேப்புல இருமியிருக்கார். இருபது வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா. முதல்ல ஒரு இழுப்பு, அப்புறம் ரெண்டு வெட்டு, கடைசியில பூனை மாதிரி ஒண்ணு. எங்க கடைக்கு ஒரு நாளைக்கு நாப்பது இருமல் வருது சார். இந்த மாதிரி இருமல் இவர் ஒருத்தர்தான்."

மெக்கானிக் நாற்காலியில் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். தன் இருமலைத் தானே கேட்டு அடையாளம் காண்பவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் பூனை என்று அவள் சொன்னதும் அவருக்குள் ஏதோ பல்சக்கரம் பொருந்தியது.

இங்கே வட்டத்தின் நகலெடுக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். வயர் வழியாக நகலெடுத்தால் பாட்டின் உயிர் போய்விடும் என்பது டாக்டரின் கொள்கை. அதனால் ஒரு டேப் ரிக்கார்டரில் அசலை ஓடவிட்டு, எதிரே இன்னொன்றை மைக்கோடு வைத்து, காற்றுவழியாகத்தான் நகலெடுப்பார்கள். அறையில் ஆள் இருந்தால் மூச்சுச் சத்தம் விழுந்துவிடும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்பதாவது நாடாவின் அசலை ஒரு சேகரிப்பாளர் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு பகல் மட்டும் இரவல் தந்தார். முதல் தடவை கேட்பதானால் நாலு பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அன்றைக்கு ஒருவர் குறைந்தார், ஆகவே யாரும் அசலைக் கேட்கவில்லை. நகலெடுத்தார்கள், அசலைத் திருப்பினார்கள், பிறகு நகலைக் கூடிக் கேட்டார்கள். சேகரிப்பாளர் வீடு மாறியபோது அசல் எந்தப் பெட்டியோடு போனது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த அறையின் சுவரில் உயரத்தில் ஒரு சல்லடை ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறு. பதினோரு வருஷத்துக்கு முன் அந்தப் பகலில், லிஃப்டின் தலையில் குந்திக்கொண்டு கம்பிக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர் மெக்கானிக். சல்லடை வழியாக வந்த பாட்டைக் கேட்டுத்தான் சொக்கிப்போய் மறுவாரம் கிளினிக் கதவைத் தட்டினார். அந்தக் கிணற்றில் தூசி அதிகம்.

"அந்த தங்னு ஒரு சத்தம் வந்துச்சே," என்றாள் மனைவி. "அது இவர் ஸ்பேனர். இருமும்போதெல்லாம் கையில இருக்கிறதைக் கீழ போட்டுடுவார். வீட்டுல ஒரு டம்ளர் உருப்படியா இல்ல."

மெக்கானிக் தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கேட்காமலே, தரையில் போட்டுக் காட்டினார். தங். நாலாம் அத்தியாயம் அறையின் நடுவே உருண்டு டாக்டரின் செருப்பில் முட்டி நின்றது.

ஜெராக்ஸ்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டாம் பதிப்பு போட வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்."

"ஒரு பொம்பளை சொன்னாங்கன்னு அறுபத்து நாலு பக்கத்தைத் தூக்கிப் போட முடியாது," என்றார் புரொபசர். அவர் முகம் வெளுத்திருந்தாலும் குரலில் மேடை ஏறியிருந்தது. "விஞ்ஞான முறைப்படி சோதிப்போம்."

விஞ்ஞான முறை இதுதான். டாக்டரும் மச்சானும் ஜெராக்ஸ்காரரும் மெக்கானிக்கும் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராக இரும வேண்டும். வெளியே புரொபசரும் மெக்கானிக்கின் மனைவியும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுத வேண்டும். பல் டாக்டரின் மருந்துச் சீட்டில் எழுதினார்கள்.

நாலு இருமல் வந்தது. மனைவி 'மூணாவது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். புரொபசர் கண்ணை மூடி, நெற்றியில் விரல் வைத்து, நாலு பேரையும் இரண்டாம் தடவை இருமச் சொன்னார். பிறகு தீர்ப்பை வாசித்தார்.

"முதல் இருமல்ல தன்னுணர்வு ஜாஸ்தி. ரெண்டாவது, தேர்ந்த இருமல். ஒரு நிராகரிப்பு இருக்கு, ஒரு தனிமை இருக்கு. டேப்புக்கு ரொம்பக் கிட்ட வருது. நாலாவது பரவாயில்ல. மூணாவது யாரோ தெரியலை, வெறும் சளி. உணர்ச்சியே இல்ல."

இரண்டாவது மச்சான். பத்து நாளாக அவருக்கு ஜலதோஷம். மூன்றாவது மெக்கானிக். தன் இருமலைத் தானே இருமி நாலாம் இடம் வாங்கியிருந்தார்.

"பாத்தீங்களா," என்றார் புரொபசர்.

"பாத்தேன்," என்றாள் மனைவி. "உங்களுக்குக் காது கழுவணும். சொட்டு மருந்து எங்க கடையில இருக்கு."

டாக்டர் நியாயஸ்தர். பொய்ப் பல்லாக இருந்தாலும் அளவெடுத்துத்தான் கட்டுவார். மெக்கானிக் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. பேசக் கூடாது, விரலைத் தூக்கினா போதும். அந்த இருமல் உங்களோடதா? இல்லைன்னா அப்படியே ஓட்டெடுப்புக்குப் போயிடலாம். நாங்க மூணு பேர் ஏற்கெனவே மனசுல சரின்னுதான் இருக்கோம்."

மெக்கானிக்குக்குப் புரிந்தது. கையைக் கீழேயே வைத்திருந்தால் இன்றைக்கே உறுப்பினர். பதினோரு வருஷ வாக்கியத்தை இன்றைக்கே சொல்லலாம். மனைவியைப் பார்த்தார். அவள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் அவரைப் பார்த்தாள். இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு அலமாரி தூக்கப் போக முடியாது. அவர் விரலை உயர்த்தினார்.

"பாத்ரூமா?" என்று டாக்டர் வாய்தவறிக் கேட்டுவிட்டு, தலையில் தட்டிக்கொண்டார்.

வட்டம் அவசரக் கூட்டமாக மாறி உள் அறைக்குள் போனது. கால் மணி நேரத்தில் தீர்மானம் வந்தது. ஜெராக்ஸ்காரர் எழுந்து நின்று படித்தார்.

"மேற்படி இருமல் மெக்கானிக்கின் தொண்டை வழியாக வெளிவந்திருக்கக்கூடும் என்பதை வட்டம் ஏற்கிறது. ஆயினும் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவர் அந்தச் சமயம் இருமியிருக்க மாட்டார். எனவே இருமியவர் அவரே, மெக்கானிக் ஒரு கருவி. ஆராய்ச்சிக்கு அடிப்படையானவர் என்ற முறையில் மெக்கானிக் இன்று முதல் வட்டத்தின் முதன்மை மூலம் என்று அறிவிக்கப்படுகிறார்."

"மூலமா?" என்றாள் மனைவி. "அதுக்கும் எங்க கடையில மருந்து இருக்கு."

"பெரிய கௌரவம்மா இது," என்றார் டாக்டர். "எங்க யாருக்கும் கிடைக்காத இடம்."

"அப்ப இவரு இனிமே பேசலாமா?"

டாக்டர் புரொபசரைப் பார்த்தார். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலை யாரும் ஆராயவில்லை. "மூலம் எப்படிம்மா பேசும்? மூலத்தைப் பத்தி நாங்க பேசுவோம். அது தன்னைப் பத்தித் தானே பேசிச்சுன்னா ஆராய்ச்சியாளனுக்கு என்ன வேலை? உறுப்பினர் விண்ணப்பமும் ரத்து. மூலம் உறுப்பினராக முடியாது."

மெக்கானிக் ஸ்பேனரைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பையின் ஜிப்பை மூன்று முறை இழுத்தும் அது மூடவில்லை. மனைவி வாங்கி மூடினாள்.

இதற்குள் டாக்டருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நாடா பழசாகிவிட்டது. இவ்வளவு சரித்திர முக்கியத்துவம் வந்தபிறகு அறுந்துபோனால் என்ன ஆவது? இன்றைக்கே, இப்போதே ஒரு நகல் எடுத்தாக வேண்டும். காற்றுவழியாகத்தான்.

"முதல்ல இவரை வெளிய அனுப்புங்க," என்றார் புரொபசர். "பக்கத்துல நின்னு இன்னொரு தடவை இருமித் தொலைச்சார்னா ரெண்டு இருமல் ஆயிடும். எது மூலம், எது நகல்னு பிற்காலத்துல குழப்பம் வரும்."

எல்லோரும் சேர்ந்து அவர்களை மரியாதையாக லிஃப்ட் வரை கொண்டுவந்து ஏற்றினார்கள். படியிலேயே இறங்குகிறேன் என்ற மனைவியை, மூலத்தின் வீட்டுக்காரி படியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். கம்பிக் கதவு இழுத்து மூடப்பட்டது. டாக்டர் ஓடிப்போய் இரண்டு டேப் ரிக்கார்டரையும் எதிரெதிரே வைத்து, பட்டனை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

லிஃப்ட் ஒரு ஆள் உயரம் இறங்கி நின்றுவிட்டது.

"சொன்னேன்ல," என்றாள் மனைவி. "சரி பண்ணுங்க. தம்பி காத்துட்டிருப்பான்."

கூரையைத் திறந்து பிரேக் நெம்புகோலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அவர் கையை உயர்த்தினார். அப்போது தலைக்கு மேலே சல்லடை வழியாகப் பாட்டு இறங்கி வந்தது. கிட்டார் முதலில், அப்புறம் அந்த மூக்குக் குரல். பதினோரு வருஷத்துக்கு முன் கேட்ட அதே இடத்திலிருந்து, அதே தூசியோடு. அவர் கை இறங்கியது.

"பாட்டு முடியட்டும்," என்று முணுமுணுத்தார்.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு லிஃப்டின் தரையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் போனது. இருமல் வந்தது.

"இந்தாங்க, இருமிட்டீங்க," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, யாரும் அனுமதி கொடுக்காமலே, அந்த வாக்கியத்தைச் சொன்னார். "அந்தக் கோட்டு அவனுக்குச் சின்னதா இருந்திருக்கும். அதான் திருப்பிக் கொடுத்துட்டான்."

அவள் காதைக் கூர்மையாக்கி ஒரு வரி கேட்டாள். "ஆமா, பொத்தான் போட முடியலைன்னு அவனே சொல்றானே. இதுக்கா நாலு ஆம்பளைங்க பதினோரு வருஷம் உக்காந்து யோசிச்சீங்க?"

"மூணு பேர்தான். ஒருத்தர் தூங்குவார்."

பாட்டு முடிந்ததும் அவர் நெம்புகோலை இழுத்தார். அலமாரி அன்றைக்கு ஒரு கால் உடைந்து புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு புது நகலின் முதல் கேட்பு. நாலு பேரும் சோபாவில், மூலம் நாற்காலியில் மல்லாந்து. நாலாவது நிமிஷம் பதினோராவது நொடியில் இருமல் வந்தது, மணி அடித்தது. அதற்கப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல், யாருடையது என்று பிடிபடாதபடி ஒரு பெண் குரல் எதிரொலித்தது: 'இந்தாங்க, இருமிட்டீங்க.'

புரொபசர் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தொடர்ந்து ஓர் ஆண் குரல் கோட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னது. அதற்குமேல் வந்ததையெல்லாம் மௌத் ஆர்கன் மூடிவிட்டது. பதினோரு வருஷம் பேசாதிருந்த ஒருவரின் குரலை அங்கே யாருக்கும் தெரியாது.

"டாக்டர்," என்றார் புரொபசர். அவர் கண் கலங்கியிருந்தது. "இருமினது அவர்தான்னு கூட இருந்த அம்மாவே சாட்சி சொல்றாங்க. மரியாதையா, 'இருமிட்டீங்க'ன்னு. இத்தனை வருஷம் இது டேப்புலதான் இருந்திருக்கு. நமக்குத்தான் கேக்கலை. பழைய மெஷினுக்கு எடுக்கலை."

"கோட்டு சின்னதுன்னு அவரே சொல்லிட்டாரு," என்றார் டாக்டர், எழுந்து நின்று.

"அவரே சொல்லிட்டாரு. இது போதும் எனக்கு. துறவு அத்தியாயத்தை முழுசா மாத்தி எழுதறேன். சின்னக் கோட்டு. என்ன ஒரு எளிமை பாருங்க. இப்படி யோசிக்க அவரால மட்டும்தான் முடியும்." பிறகு, கடமை நினைவுக்கு வந்ததுபோல் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "மெக்கானிக், தப்பா எடுத்துக்காதீங்க. மூலம் பட்டம் வாபஸ். மறுபடியும் பார்வையாளர்தான். விண்ணப்பத்தை அடுத்த வருஷம் குடுங்க, பாசிட்டிவா பரிசீலிக்கிறோம்."

ஜெராக்ஸ்காரர், மெஷினின் காலுக்கு அடியிலிருப்பதை எடுத்துவிட்டால் வேறு எதை வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். மச்சான் ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் விரலை உயர்த்தவில்லை. அணைந்த விளக்கைப் பார்த்தபடி மல்லாந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தற்செயலாகக் குனிந்து பார்த்தார். "பின்னாடி அந்தக் கடைவாய்ப் பல்லு போயிடுச்சே. முன்னாடியே வாயைத் திறந்து காட்டியிருக்கலாம்ல?"